நானா காட்டிய வீடு

மகள் பிறந்து துடக்குக் கழிந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள், அவளுடைய நிறம் அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று பேசி முடித்த பிறகு, ஒவ்வொருவராக ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். "பொம்பிளைப் பிள்ளை. இனி எங்கயாவது ஒரு துண்டுக் காணி பார்த்து வைக்கத்தானே வேணும்." அவளுக்கு அப்போது கழுத்துக்கூட நிற்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து, பால் கொடுக்கும்போது மற்றக் கையால் போனில் காணி விளம்பரம் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

விளம்பரத்தில் எல்லா வீடும் நல்ல பக்கத்திலிருந்துதான் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. எனக்கோ எதைப் பார்த்தாலும் சந்தேகம். மாரியில் ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்குமா, அயலவர் எப்படிப்பட்டவர்கள், கிணறு கோடையில் வற்றுமா. இதையெல்லாம் எழுதிக் கேட்டால் தரகர்கள் மறுமொழியாக வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை அனுப்புகிறார்கள். அந்தப் புள்ளி வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கள் நானாவின் நினைவு வருகிறது. அவர் எங்களுக்கு வீடு பார்த்துத் தந்த கதையை மகள் பெரியவளானதும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதுவரை எனக்கு ஞாபகம் இருக்குமோ என்ற பயத்தில் இப்போதே எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் ஆண்டு இரண்டில் படித்தேன். உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் களஞ்சியப் பகுதியில் எழுதுவினைஞர். கப்பல் வந்த நாட்களில் பிந்தி வருவார். கப்பல் இல்லாத நாட்களில் அதைவிடப் பிந்தி வருவார். ஏன் என்று அம்மா கேட்டதில்லை. கேட்காததை முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு சோறு போடுவார்.

எங்களுக்கென்று வீடு இல்லாமல் போனதற்கு வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா பிறந்த வீடு முறைப்படி அத்தைக்குப் போனது. அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு திரியாயில் இருந்தது. சண்டைக் காலத்தில் அதை விட்டுவிட்டு வந்து, நெடுநாளைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரமும் மட்டும் இருந்தனவாம். அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. யாராவது சொந்த வீடா என்று கேட்டால் மட்டும், "இப்ப வாடகைக்குத்தான் இருக்கிறம்" என்பார். அந்த 'இப்ப'வுக்குள்தான் நான் பிறந்து, பல் முளைத்து, பள்ளிக்கூடமும் போனேன்.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பொம்பிளைப் பிள்ளைக்குரியது. கலியாணம் பேசும்போது வீட்டையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். ஆகவே வீட்டுக்காரரின் மகள் வளர்ந்து வருகிறாள் என்றால், வாடகைக்கு இருப்பவர்கள் மெதுவாகப் பெட்டி கட்டத் தொடங்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கலியாணம் என்றால் பலகாரம். எனக்கு அது வாசலில் வந்து நிற்கும் லாண்ட்மாஸ்டர் வண்டியும், அதன் பெட்டிக்குள் தலைகீழாகக் கிடக்கும் எங்கள் கதிரைகளும்.

அந்த முறையும் அப்படித்தான். எனக்கு றிபன் கட்டிவிடும் வீட்டுக்கார அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. தாயும் தகப்பனும் தட்டத்தில் கலியாண அழைப்பிதழை வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதை அம்மாவின் கையில் கொடுத்த பிறகு, "ஆவணிக்கு முதல் ஒரு இடம் பார்த்தீங்கள் எண்டால் நல்லம்" என்றார்கள். நல்ல மனிதர்கள், சொல்லும்போது அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அம்மா தேத்தண்ணி கொடுத்து, மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து, சந்தோசம் சொல்லி அனுப்பினார். அப்பா வந்ததும் அம்மா அவரிடம், "இன்னொரு வாடகை வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா 'மாட்டன்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பாவோடு வேலை செய்த ஒருவர் மூலம் நானா வந்தார். ஊரில் காணி, வீடு விற்றுக் கொடுக்கும் புறோக்கர். முஸ்லிம் ஆக்கள் அண்ணனை நானா என்பார்கள், ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் கூப்பிட்டோம். கிண்ணியாக்காரர். மெலிந்த மனிதர், பெரிய மோட்டார் சைக்கிள். அதன் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அது எதற்கென்று பிறகு தெரிந்தது.

அவர் முதலில் விலையைக் கேட்பார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மறுமொழியையும் மனதில் கட்டி வைத்திருந்தார். நானா கதிரையில் இருந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, "தம்பி, பொம்புளப் புள்ள எத்தின?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஒராள்தான்."

"அப்ப ஒரு ஊடு போதும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த மகள்ட ஊட்டத்தான் நாம தேடப் போறம்."

பெரியவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு நாளும் எங்களுக்கு வீடு தேடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் தேடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வீடு பார்க்கப் போனோம். நானா முதலில் காட்டியது கோட்டைப் பக்கத்தில் ஒரு வீடு. "மான் வார ஊடு, தங்கச்சி. புள்ளைக்கு மான் காட்டிச் சோறு தீத்தலாம்" என்றார். நாங்கள் போன நேரமும் ஒரு மான் நின்றது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நானா, அது வேலியையே திண்டுகொண்டு நிக்குது" என்றார்.

"ஓ, அதுக்கும் பசிக்கும்தானே."

இன்னொன்று லிங்கநகரில். அழகான வீடு, ஆனால் காணிக்கு அண்ணன் தம்பிக்குள் வழக்கு. நானா அதைக் கேற்றுக்கு வெளியே வைத்தே சொல்லிவிட்டார். "அப்ப என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார். "நல்ல ஊடு எப்பிடி இரிக்கும் எண்டு ஒருக்காப் பாத்து வைக்கத்தான்" என்றார். அம்மாவுக்கு அந்த மறுமொழி பிடிக்கவில்லை. எனக்கும் இப்போது யோசித்தால் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த வீட்டைப் பார்த்த பிறகுதான் அம்மா மற்ற வீடுகளில் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நானா முதலில் கிணற்றடிக்குத்தான் போவார். பையிலிருந்து கிளாஸை எடுப்பார், ஒரு வாளி அள்ளச் சொல்வார், கிளாஸை நிரப்பி என்னிடம் நீட்டுவார். கடலுக்குக் கிட்டிய இடங்களில் சில கிணறு உவராக இருக்கும். பக்கத்துக் கிணறு நல்ல தண்ணீராக இருக்கும். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டார். "பெரியாக்கள் கெணத்துக்காரன்ட மொகத்தப் பாத்துத்தான் குடிப்பாங்க, தங்கச்சி. புள்ள தண்ணியப் பாத்துக் குடிக்கும்" என்றார் நானா.

அது உண்மைதான். அம்மா எந்தக் கிணற்றில் குடித்தாலும் "பரவாயில்லை, நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வார். நான் ஒரு வீட்டில் வாயில் வைத்த உடனே, "சீ, உப்பு" என்று துப்பிவிட்டேன். வீட்டுக்காரரின் முகம் கறுத்துப் போனது. "புள்ளைக்கு ரெண்டு நாளா வாய் கச்சல்" என்று நானா அவரிடம் சொல்லி விடைபெற்றார். ஒழுங்கை திரும்பியதும் என் தலையில் கை வைத்து, "நல்ல நாக்கு மகள்" என்றார்.

அம்மாவுக்கு அவர் மேல் சந்தேகம் தீரவில்லை. "காட்டுறது எல்லாம் வாங்கேலாத வீடு. நல்லதை ஆருக்கோ ஒளிச்சு வச்சிருக்கிறார்" என்று அப்பாவிடம் சொல்வார். "பொறுமப்பா" என்பார் அப்பா. புறோக்கர் என்றால் இரண்டு பக்கமும் வாங்குகிறவன் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். நானா வந்தால் அம்மா பால் விடாத பிளேன்ரீ கொடுப்பார், சீனியும் கொடுப்பார். சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கமாட்டார்.

நான் என்னுடைய ஆயத்தங்களைச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் தனியாக இருக்கப் போகிறவளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்து, ஒவ்வொன்றாகப் பழகினேன். பின்னலை நானே போடப் பழகினேன். மர வாங்கின் மேல் ஏறிக் கதவின் மேல் கொண்டியைப் பூட்டித் திறந்தேன். குசினியில் நின்று அம்மா எவ்வளவு தேயிலை போடுகிறார் என்று பார்த்தேன். பிள்ளை பொறுப்பாக வருகிறது என்று அம்மா அயலில் பெருமையாகச் சொன்னார். நெருப்புக்குச்சி மட்டும் எனக்குச் சரிவரவில்லை. அது இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்ற கவலையில் ஒருநாள் கணக்குப் பாடத்தில் அழுதேன். ஆசிரியை வயிற்றுக் குத்து என்று நினைத்துத் தைலம் பூசிவிட்டார்.

யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தக் குணம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆனி பிறந்துவிட்டது. வீட்டுக்கார அக்காவின் வீட்டார் வந்து சுவர்களைப் பார்த்து, எந்த நிறம் அடிக்கலாம் என்று தங்களுக்குள் மெதுவாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். அம்மா அன்று சமைக்கவில்லை. அடுத்த நாள் காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, நானா வந்தார். "தங்கச்சி, உப்புவெளியில ஒரு ஊடு. நீங்களும் மகளும் மட்டும் வாங்க. தம்பி வேணாம்" என்றார்.

அம்மா தயங்கினார். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கினோம். நானா சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். ஒழுங்கைக்குள் நடக்கும்போது விசயத்தைச் சொன்னார். வீட்டைச் சீதனமாக வாங்கிய, வீட்டுக்காரரின் ஒரே மகள் கனடாவில். அவள் இனி வரமாட்டாள், விற்றுவிடுங்கள் என்று சொல்கிறாள். தகப்பனுக்குச் சம்மதம். தாய்க்கு மனம் வரவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி உடைத்துவிட்டு விருந்தினர் விடுதி கட்டக் கேட்கிறார்.

"அவர் எங்களைவிடக் கூடக் குடுப்பார்தானே" என்றார் அம்மா.

"குடுப்பான்."

"அப்ப நாங்கள் என்னத்துக்கு வாறம்?"

"தண்ணி குடிக்க" என்றார் நானா. பிறகு நின்று, "இண்டைக்கு ஒண்டும் கேக்காதீங்க. வில, காணி உறுதி, ஒண்டும் வேணாம். வாங்குறவங்களும் விக்கிறவங்களும் வில பேச முந்திக் கதைச்சா புறோக்கருக்குச் சோறு இல்ல. இண்டைக்கு நானே அந்தச் சட்டத்த உடைக்கிறன்" என்றார்.

பெரிய வீடு. நீள விறாந்தை, பச்சை யன்னல்கள், எல்லாம் பூட்டியிருந்தன. முற்றத்தில் விளக்குமாற்றுக் கோடு கலையாமல் இருந்தது. ஒருவரும் முன்பக்கத்தால் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்னுக்குப் போனோம். அங்கே கிணற்றுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன அறை. அதோடு ஒட்டிய குசினி. ஒரு அங்கிள் வெளியே கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவைவிட வயது கூட, நேரான முதுகு, இடுப்பில் திறப்புக் கோர்வை.

நானா கிளாஸை எடுத்தார். நான் குடித்தேன். "இனிக்குது" என்றேன். அன்ரியின் முகம் கொஞ்சம் இளகியது. "வீட்டையும் பாருங்கோ" என்று இடுப்புத் திறப்பை எடுத்துப் பெரிய வீட்டைத் திறந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக் காட்டினார். கதிரைகளுக்கு மேல் துணி விரித்திருந்தது. ஒரு அறையில் பெரிய கட்டில். மெத்தையின் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. "இது மகள்ட அறை" என்றார் அன்ரி. கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாளாம். தரை கண்ணாடி போல இருந்தது. நாள்தோறும் துடைப்பதாகச் சொன்னார். அம்மா நானா சொல்லிவைத்தபடி ஒன்றும் கேட்கவில்லை. யன்னல்களை மட்டும் பார்த்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அம்மாவுக்கு அந்த வீடு எவ்வளவு வேண்டும் என்பது அவருடைய முதுகிலேயே தெரிந்தது.

எனக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீடு கனடா அக்காவின் வீடு. அவவுக்கும் எங்கள் அப்பா அம்மா மாதிரி ஒரு அப்பா அம்மா வீடு வாங்கிக் கொடுத்து, தனியே விட்டிருக்கிறார்கள். திறப்பை வைத்திருந்தும் உள்ளே குடியிருக்காத இந்த அன்ரியும் அங்கிளும் வீட்டுக்குக் காவல் ஆட்கள். அன்ரி மகள் என்றது, நானா என்னை மகள் என்கிற மாதிரி.

திரும்பிப் பின்னுக்கு வந்து தேத்தண்ணி குடித்தோம். அன்ரி எனக்கு ஒரு விசுக்கோத்துத் தந்து, "பிள்ளைக்கு இந்த வீடு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம். ஆனா எனக்கு வேண்டாம்."

அம்மாவின் கிண்ணம் சாசரில் தட்டுப்பட்டது. நானா என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தார்.

"ஏன் குஞ்சு?"

"எனக்குத் தனிய இருக்கப் பயம். நெருப்புக்குச்சியும் தட்டத் தெரியாது." சொல்லிவிட்ட பிறகு, இவ்வளவு நல்ல தண்ணீர் உள்ள இடத்தை அப்படியே விடவும் மனம் வரவில்லை. "நான் வந்தால் நீங்கள் எனக்கும் பின்னுக்குக் காவலுக்கு இருப்பீங்களோ? இந்த அக்காவுக்கு இருக்கிற மாதிரி?" என்று கேட்டேன்.

அங்கிளின் பத்திரிகை கீழே இறங்கியது. "ஆர் பிள்ளை சொன்னது காவலெண்டு?" என்றார் அன்ரி.

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள்தானே திறப்பு வச்சிருக்கிறீங்கள். ஆனா உள்ளுக்கு இருக்கிறேல்லையே."

"பிள்ளை, வாயை மூடு" என்றார் அம்மா. அன்ரி சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே சீனி எடுத்து வருகிறேன் என்று அறைக்குள் போனார். சீனி எங்களுக்கு முன்னால் தட்டத்தில் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். அங்கிள் பத்திரிகையைத் தூக்கினார். ஆனால் தாளைத் திருப்பவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு அன்ரி வெறுங்கையோடு வந்து, "போயிட்டு வாங்கோ" என்றார்.

பஸ் தரிப்பு வரைக்கும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அங்கே வந்ததும், "குறை நினைக்காதேங்கோ நானா. பிள்ளை கெடுத்துப்போட்டுது" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

நானா கிளாஸைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "போனாப் போகுது, தங்கச்சி. புள்ள கேட்டதுல என்ன பிழ இரிக்கி" என்றார்.

பஸ்ஸில் அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு, "தனிய விடுறதெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நெருப்புக்குச்சி வரைக்கும். நாங்கள் மூன்று பேரும்தான் இருக்கப் போகிறோம், விசரி, என்று சொல்லி என் பின்னலை அவிழ்த்து இறுக்கிப் போட்டுவிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. வீடே போய்விட்டது என்பது அந்த நிம்மதியில் எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவுக்கு உறைத்தது. நானா வரவில்லை. ஒரு கிழமை போனது, அதற்கு மேலும் போனது. "விடுதிக்காரனுக்கு முடிச்சுக் குடுத்திருப்பார். அதுதானே அவருக்கு லாபம்" என்றார் அம்மா. உவர்மலையில் ஒரு வாடகை வீட்டை அப்பா போய்ப் பார்த்து வந்தார். அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. அலுமாரியிலிருந்து பழைய சேலைகளை எடுத்து, கோப்பைகளைச் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து தொப்பியோடேயே நானா வந்தார். கதிரையில் இருந்து, பிளேன்ரீ கேட்டு, ஆறுதலாகக் குடித்து முடித்தார். அம்மா தட்டத்தைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"அவங்க தாறாங்களாம்" என்றார் நானா. "நீங்க முந்தி எனக்கிட்டச் சொன்ன விலைக்கு. உடைக்கப்படா எண்டு மட்டும் சொன்னாங்க. அந்த மனுசி புருசனுக்கிட்டச் சொன்னாவாம், காவல் காத்தது போதும் எண்டு."

அம்மா தட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் தந்தார். பிறகு, "நானா, இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நானா. "இந்த ஊட்டுச் சோத்துக்கு இவ்வளவு நாள் அலைய வேண்டி வந்திட்டே."

விடுதிக்காரரை அந்த வீட்டுக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனவரும் நானாதான் என்பதை நான் வளர்ந்த பிறகு அப்பா சொன்னார். விடுதிக்காரருக்கு விற்றிருந்தால் நானாவுக்குக் கிடைத்திருக்கக்கூடியது எங்களிடம் கிடைத்ததைவிட எவ்வளவோ கூட. ஏன் விட்டீர்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். "எனக்கும் நாலு பொம்புளப் புள்ள, தம்பி. மூணு பேருக்கு ஊடு குடுத்திட்டன். ஊரெல்லாம் ஊடு காட்டுறன், நானும் பொஞ்சாதியும் மூத்தவள்ட ஊட்டுல பின்னால ஒரு அறையில இரிக்கம். அந்த மனுசி கதவத் தொறந்து காட்டின விதத்தப் பாத்தா, அத உடைக்கிறவன்ட கையில குடுக்க எனக்கு மனசு வரல்ல" என்றாராம்.

அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. என் கலியாணத்துக்கு வந்த நானா, முன் வரிசையில் இருந்துகொண்டு, காவல் கேள்வியைத் தானே எனக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. கேள்வியைச் சொல்லித் தரவில்லை என்பது நிச்சயம். ஆனால் வாயை அடக்கத் தெரியாத ஒரு பெண்பிள்ளையை அந்த அன்ரியின் முன்னால் கொண்டுபோய் இருத்தியது யார்? எவ்வளவு யோசித்தாலும் அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. யோசித்து முடியும் இடத்தில் மிஞ்சுவது நன்றி மட்டும்தான். அம்மாவுக்கும் அப்படித்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் புறோக்கர்களைப் பற்றி ஒருவரும் குறைவாகக் கதைக்க முடியாது. அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

இப்போது இதை அந்த வீட்டின் விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன். என் கலியாணத்தோடு அம்மாவும் அப்பாவும் பின்னறைக்குப் போய்விட்டார்கள். நான் அழுதும் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன். "கூப்பிட்டால் கேக்கிற தூரம்தானே பிள்ளை" என்பார் அம்மா. என் கணவரும் சொல்லிப் பார்த்தார். மருமகன் சொன்னால் கேட்கலாம் என்று நினைத்தேன், அதுவும் நடக்கவில்லை. நான் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டுமா, அல்லது அவர்கள் விரும்பியபடி விட்டதுதான் சரியா என்று நாள்தோறும் யோசிக்கிறேன். பகலெல்லாம் பேத்தி அவர்களிடம்தான் கிடக்கிறாள்.

உறுதி எழுதி முடிந்து திறப்பு வாங்கப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா அரைநாள் லீவு போட்டிருந்தார். அன்ரியும் அங்கிளும் லிங்கநகரில் அங்கிளின் தங்கை வீட்டு மேல்மாடிக்குப் போவதற்குச் சாமான் கட்டி முடித்திருந்தார்கள். அன்ரி திறப்புக் கோர்வையை அம்மாவிடம் கொடுத்தார். பெரிய வீட்டை நாங்கள் முன்பே பார்த்திருந்ததாலோ என்னவோ, அம்மா அதற்குள் ஒரு சுற்று மட்டும் போனார். பிறகு அன்ரி, "வாங்கோ, இதையும் காட்டிவிடுறன்" என்று அம்மாவையும் அப்பாவையும் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் வெறும் ஹோலுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். கத்தினால் என் குரலே திரும்பி வந்தது. மூன்று பேரும் இருக்கப் போகிற வீடு. எந்த அறை யாருக்கு என்று அவர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவர்கள் வரவில்லை. பின்பக்க யன்னலில் ஏறிப் பார்த்தேன்.

சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. மேற்கு மூலையில் மாரிக்கு ஒழுகும், தகரத்தை மாற்ற வேண்டும் என்று அன்ரி சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பை இந்தப் பக்கம் வைத்தால் புகை உள்ளே வராது. பின்னேரக் காற்று இந்த யன்னலால் வரும், கட்டிலை அதன் கீழே போடுங்கள் என்றார். அப்பா இரண்டு கையையும் விரித்து, சுவரோடு நின்று, ஒரு கட்டிலின் அகலத்தைப் பார்த்தார். அம்மா அன்ரியின் பக்கத்தில் நின்று, பெரிய வீட்டில் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் வெளியே நின்று, கூரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அம்மா, வாங்கோ" என்று கூப்பிட்டேன். "வாறம், நீ விளையாடு" என்றார் அம்மா, திரும்பாமலே.

இவ்வளவு பெரிய வீடு திறந்து கிடக்க, அந்தத் தகர அறைக்குள் இவ்வளவு நேரம் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் யன்னலிலிருந்து குதித்து, மறுபடியும் ஓடப் போனேன்.